ஸ்பார்க்ளிங் ஒயின் எப்படி உருவாகுது, எந்தத் திராட்சையில: புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏற்காட்டுல இருந்து

ஏற்காட்டுல நான் வேலை பாக்குற ரிசார்ட்டுக்கு வருஷா வருஷம் சேலத்துல இருந்து கேட்டரிங் படிச்ச பசங்களும் பொண்ணுங்களும் ட்ரெய்னிங்குக்கு வருவாங்க, வந்த முதல் வாரமே யாராச்சும் ஒருத்தர் கேக்குற கேள்வி, "அண்ணா, இந்த ஷாம்பெயின்ல கேஸ் எப்படி ஏத்துறாங்க, சோடா மெஷின்லயா?"ன்னு தான். நல்ல கேள்விங்க. அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம், ஆனா நான் நாசிக் பக்கம் ஒரு ஒயினரியில மூணு அறுவடை சீசன் வேலை செஞ்சவன், அந்த வேலையை ஒவ்வொரு படியா பாத்தா தான் பாட்டில்ல இருக்கறது என்னன்னு மனசுல நிக்கும்னு எனக்கு நம்பிக்கை, அதான் உக்காந்து முழுசா எழுதறேன்.

முதல்ல சுருக்கமா: ஸ்பார்க்ளிங் ஒயின்னா நுரைக்கற ஒயின், ஷாம்பெயின் அதுல ஒரு வகை, நல்ல ஸ்பார்க்ளிங் ஒயின்ல கேஸை யாரும் வெளிய இருந்து ஏத்தறதில்ல. யீஸ்ட் சர்க்கரையைத் தின்னுட்டு விடற கார்பன் டை ஆக்சைடு தான் அது, வெளிய போக விடாம மூடி வெச்சிடறாங்க, அவ்ளோதான். வீட்ல இட்லி மாவு ராத்திரி பொங்கி பாத்திரத்தைத் தாண்டி வழியுது பாருங்க, அதை பொங்க வைக்கறதும் இதே கேஸ் தான் (அங்க வேலை செய்யறது பெரும்பாலும் பாக்டீரியா), மாவு பாத்திரத்து மூடி லூசா இருக்கறதால கேஸ் காத்தோட போயிடுது. இங்க பாட்டிலை இறுக்கி மூடிடறதால போக வழியில்லாம ஒயினுக்குள்ளயே கரைஞ்சு கெடக்கும், நீங்க கார்க்கை எடுக்கற நாள் வரைக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இதை யாரும் வீட்ல செஞ்சு பாக்காதீங்க. தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கறது குற்றம், அந்தச் சட்டம் 1937ல வந்த மதுவிலக்குச் சட்டம், அதுல நம்ம ஊருக்கு ஒரு சம்பந்தம் உண்டு, ராஜாஜி சென்னை மாகாண முதல் மந்திரியா இருந்தப்போ மதுவிலக்கை முதல்முதலா கொண்டு வந்த ஜில்லாவே சேலம் தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. சட்டத்தை விடுங்க, பாட்டில் வெடிச்சா கண்ணு போயிடும், அது எப்படின்னு கீழ வருது. அதனால இது புரிஞ்சுக்கறதுக்கான வழிகாட்டி. வீட்லயே செஞ்சு பாக்கற மாதிரி மூணு சின்ன சோதனை நடுநடுல தர்றேன், அதுல எதையும் குடிக்கப் போறதில்ல.

முதல் படி: திராட்சையைப் புரிஞ்சுக்கங்க

இதுல தான் அதிகமா நேரம் செலவு பண்ணணும், ஏன்னா மத்ததெல்லாம் மெஷின் பாத்துக்கும், திராட்சை தப்பா இருந்தா ஒண்ணும் செய்ய முடியாது.

ஏற்காட்டுல காபித் தோட்டத்துல வளந்தவங்களுக்கு சின்ன வயசுல இருந்து ஒரே பாடம், நல்லா செவந்த பழத்தை மட்டும் எடு, பச்சையை விட்டுடு. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு இந்தப் பாடம் தலைகீழ். சாதா ஒயினுக்கு 22, 24 பிரிக்ஸ் வரைக்கும் இனிப்பு ஏறட்டும்னு விடுவாங்க (பிரிக்ஸ்னா சாறு நூறு கிராம்ல எத்தனை கிராம் சர்க்கரைன்னு ஒரு கணக்கு, ரிஃப்ராக்டோமீட்டர்னு கையடக்கக் குழாய் மாதிரி ஒண்ணு இருக்கும், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரா பாத்தா தெரிஞ்சிடும்), ஸ்பார்க்ளிங்குக்கு 17ல இருந்து 19க்குள்ளயே பறிச்சிடுவாங்க. அந்த நேரத்துல பழத்தை வாயில போட்டா கண்ணு சுருங்கும், பல்லு கூசும். அந்தப் புளிப்பு தான் வேணும். ரெண்டு காரணம், ஒண்ணு, பின்னாடி ரெண்டாவது தடவை நொதிக்கும்போது ஆல்கஹால் இன்னும் கொஞ்சம் ஏறும், முதல்லயே அதிகமா இருந்தா கடைசில காரமா எரியும். ரெண்டாவது, புளிப்பு இல்லாத ஸ்பார்க்ளிங் ஒயின் உப்பு போடாத ரசம் மாதிரி, நாக்குல நிக்காது.

புளிப்பு எங்க இருந்து வருதுன்னா பழத்துல டார்டாரிக், மாலிக்னு ரெண்டு அமிலம் இருக்கு. இதுல மாலிக் அமிலத்தை ராத்திரி சூடா இருந்தா கொடியே எரிச்சுத் தீத்துடும். ராத்திரி குளுந்தா அமிலம் மிஞ்சும். ஷாம்பெயின்ங்கறது ஒயினோட பேர் மட்டும் இல்ல, பிரான்ஸோட வடகிழக்குல ஒரு பகுதியோட பேர், ரான்ஸ், எப்பர்னேன்னு ரெண்டு ஊரைச் சுத்தி, 49 டிகிரி வடக்குல, திராட்சை பழுக்கறதே பெரும்பாடா இருக்கற குளிர் தேசம். பழுக்காத குறையே அங்க சொத்தா மாறிடுச்சு. சேலம் அடிவாரத்துல வேர்த்து ஊத்திட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேல வந்தா ஸ்வெட்டர் தேடறோம் இல்ல, அந்த வித்தியாசம் ஒரு பழத்துக்கு எவ்ளோ முக்கியம்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. அதுக்காக ஏற்காட்டுல ஒயின் திராட்சை போடலாமான்னு கேக்காதீங்க, எல்லாரும் கேக்கறாங்க, குளிர் மட்டும் போதாது, இங்க ரெண்டு பருவமழையும் வரும், மூடுபனி நாள் கணக்குல நிக்கும், திராட்சை இலைக்கு அடிச்சாம்பல் நோய் வர்றதுக்கு அதை விட நல்ல சூழ்நிலை கிடையாது.

சரி, ஷாம்பெயின்ல முக்கியமா மூணு திராட்சை. ஷார்டனே வெள்ளைத் திராட்சை, எலுமிச்சை வாசம், கூர்மையான புளிப்பு, வருஷக்கணக்கா தாங்கும். பினோ நுவார் கறுப்பு, உடம்பும் கனமும் அது குடுக்கும். மூணாவது மெனியே, அதுவும் கறுப்பு தான், அது பழ வாசத்தையும் மென்மையையும் குடுக்கும், பாட்டில் சின்ன வயசுலயே குடிக்க நல்லா இருக்கறதுக்கு அது தான் காரணம். ஷார்டனே மட்டும் போட்டு செஞ்சா பாட்டில்ல பிளாங் த பிளாங்னு இருக்கும், கறுப்புத் திராட்சை மட்டும் போட்டு வெள்ளை ஒயின் எடுத்தா பிளாங் த நுவார்.

கறுப்புத் திராட்சையில எப்படி வெள்ளை ஒயின்னு கேப்பீங்க. முதல் சோதனை இங்க. அஸ்தம்பட்டி உழவர் சந்தைலயோ வீட்டுப் பக்கத்து பழக்கடையிலயோ பன்னீர் திராட்சை கால் கிலோ வாங்குங்க, ஒரு பழத்தை ரெண்டு விரல்ல மெதுவா அமுக்கி சாறை வெள்ளைத் தட்டுல விடுங்க. கறுப்பா வராது, வெளுத்துப்போன பச்சையா வரும். இப்ப இன்னொரு பழத்தைத் தோலோட நசுக்கி ஒரு மணி நேரம் அப்படியே வெச்சுட்டுப் பாருங்க, சிவந்திருக்கும். சாயம் தோல்ல இருக்கு, சாறுல இல்ல. தோலோட ஊறவிடாம சட்டுனு பிழிஞ்சுட்டா கறுப்புத் திராட்சையும் வெள்ளை ஒயின் தான்.

அதே பழத்தை வெச்சே ரெண்டாவது சோதனையும் பண்ணிடுங்க, கொத்துல நல்லா கறுத்த பழம் ஒண்ணு, காம்பு பக்கத்துல இன்னும் சிவப்பாவே நிக்கற பழம் ஒண்ணு, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா மென்னு பாருங்க. முதல் பழத்துல வாசமும் இனிப்பும், ரெண்டாவதுல எச்சில் ஊறும். அந்த எச்சில் ஊறறது தான் ஒயின்காரங்க தேடற புளிப்போட அடையாளம்.

பன்னீர் திராட்சையைப் பத்தி ஒரு வார்த்தை, கம்பம் பள்ளத்தாக்குல விளையற இது மஸ்கட் ஹாம்பர்க்ங்கற ரகம், 2023ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. இத்தாலில ஆஸ்தின்னு ஒரு இனிப்பான ஸ்பார்க்ளிங் ஒயின் செய்யறாங்க, அது மொஸ்காட்டோ பியாங்கோங்கற திராட்சையில, அதுவும் மஸ்கட் குடும்பம் தான், பன்னீர் வாசத்துக்கு தூரத்து சொந்தம். ஆஸ்தியில ஆல்கஹால் ஏழு சதவீதம் கிட்ட தான், பழத்தோட இனிப்பு தீர்றதுக்கு முன்னாடியே குளிரவெச்சு நொதிக்கறதை நிறுத்திடுவாங்க. பன்னீர் திராட்சையில ஸ்பார்க்ளிங் செய்யணும்னு லைசென்ஸ் வெச்சிருக்கற யாராச்சும் நெனைச்சா அந்த வழில தான் போகணும்ங்கறது என் கருத்து, ஷாம்பெயின் வழில போனா அந்த வாசமே செத்துடும்.

மத்த ஊர் திராட்சைங்க சீக்கிரமா: இத்தாலியோட ப்ரொசெக்கோவுக்கு க்ளேரா. ஸ்பெயினோட காவாவுக்கு மக்காபேயோ, ஷரெல்லோ, பரெய்யாதான்னு மூணு. நம்ம நாட்டுல நாசிக் பக்கம் ஷெனான் பிளாங் தான் முதுகெலும்பு, பிரான்ஸ்ல லுவார் ஆத்தங்கரை திராட்சை அது, வெயில்லயும் புளிப்பை விடாம பிடிச்சு வெச்சுக்கற குணம் அதுக்கு. கூட ஷார்டனேயும் பினோ நுவாரும் போடறாங்க, ரோஸேங்கற இளஞ்சிவப்பு ஒயினுக்கு ஷிராஸ்ங்கற கறுப்புத் திராட்சை சேப்பாங்க.

நாசிக்ல கொடிக்கு தூக்கமே கிடையாது, ஐரோப்பால பனிக்காலத்துல இலை உதுத்துட்டு தூங்கும், இங்க வெப்பநாடுங்கறதால வருஷம் பூரா பச்சையா நிக்கும். அதனால மனுஷன் தான் கவாத்து பண்ணி அதுக்கு காலத்தைச் சொல்லித் தரணும், ஏப்ரல் வாக்குல ஒரு கவாத்து, அது கிளைக்கு, மழை முடியற செப்டம்பர் அக்டோபர்ல ஒரு கவாத்து, அது காய்க்கு. அப்ப தான் ராத்திரி குளிரா இருக்கற மாசங்கள்ல பழம் முத்தும், ஷாம்பெயின்ல செப்டம்பர்ல பறிக்கறதை இங்க ஜனவரியில பறிக்கறோம், அதுலயும் முதல் கத்திரி ஸ்பார்க்ளிங் பிளாக்குக்கு தான் விழும். கம்பத்துல பந்தல் போட்டு திராட்சை வளக்கற விவசாயிங்களுக்கு இந்த ரெட்டைக் கவாத்து பழக்கமான விஷயம் தான்.

ரெண்டாவது படி: பறிக்கறதும் பிழியறதும்

விடிகாலைல, சில சமயம் நெத்தியில லைட்டு கட்டிட்டு ராத்திரியே பறிப்போம், சூடு ஏறறதுக்கு முன்னாடி பழம் ஒயினரிக்குள்ள போயிடணும். காபிப் பழத்தைப் பறிச்ச அன்னிக்கே பல்ப்பர்ல (தோல் உரிக்கற மெஷின்) போடலன்னா மூட்டைக்குள்ளயே சூடேறி வாடை வந்துடும்ல, அதே கதை தான். கொத்து கொத்தா, பழம் நசுங்காம, சின்ன கிரேட்ல. ஷாம்பெயின்ல கையால தான் பறிக்கணும்னு விதியே இருக்கு.

பிழியறதும் மெதுவா, கொத்தோட. ஷாம்பெயின் கணக்கு என்னன்னா 4,000 கிலோ திராட்சைக்கு 2,550 லிட்டர் சாறு தான் எடுக்கலாம், அதுல முதல்ல வர்ற 2,050 லிட்டர் தான் உசத்தி, அடுத்து வர்ற 500 லிட்டர் ரெண்டாந்தரம். தேங்காய்ப் பால்ல முதல் பால் ரெண்டாம் பால் பிரிக்கற மாதிரி. இன்னும் அழுத்தினா இன்னும் வரும், ஆனா தோலோட துவர்ப்பும் சாயமும் சேந்து வரும், புளிப்பும் கொறஞ்சிடும்.

மூணாவது படி: முதல் நொதித்தல்

சாறு தெளிஞ்சதும் ஸ்டீல் டேங்குக்குப் போகும், நம்ம சேலம் ஸ்டீல் பிளான்ட்ல தகடா உருட்டற அதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தான், புளிப்பான சாறு பட்டாலும் அரிக்காது, கழுவ சுலபம், வெளிய ஒரு சட்டை மாதிரி குளிர்தண்ணி சுத்தி ஓடும். யீஸ்ட் போடுவாங்க, பேக்கரி யீஸ்ட்டும் இதுவும் ஒரே இனம், சாக்கரோமைசிஸ் செரிவிசியே, ஆனா ஸ்பார்க்ளிங்குக்குன்னு தேத்தி எடுத்த வகைங்க இருக்கு, இ.சி. 1118னு ஒண்ணு உலகம் பூரா போடறாங்க. ரெண்டு வாரம் போல ஆகும். டேங்க் மேல ஒரு சின்ன வழி இருக்கும், இந்தத் தடவை கேஸ் எல்லாம் அது வழியா வெளிய போயிடும், போகட்டும்.

மூணாவது சோதனை இதுக்குத் தான். காலி தண்ணி பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி பாதி, ரெண்டு ஸ்பூன் சக்கர, அரை ஸ்பூன் பேக்கரி யீஸ்ட் போட்டுக் கலக்கி வாயில பலூனை மாட்டிடுங்க, மூடி போட வேண்டாம். ஒரு மணி நேரத்துல பலூன் எந்திரிச்சு நிக்கும். அது யீஸ்ட் விட்ட மூச்சு. பாத்துட்டு கீழ ஊத்திடுங்க.

இந்த ஸ்டேஜ்ல கெடைக்கறது பேஸ் ஒயின், ஆல்கஹால் 10, 11 சதவீதம். முதல்முதலா எனக்கு ஊத்திக் குடுத்தப்போ ஏதோ கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன், அவ்ளோ புளிப்பு, தண்ணியா. கூட இருந்த சீனியர் சொன்னாரு, இது இப்பவே நல்லா இருந்தா தான் நாம பயப்படணும்னு. சில ஒயினரில இந்தப் புளிப்பை கொஞ்சம் தணிக்க இன்னொரு வேலையும் நடக்கும், ஒரு பாக்டீரியா வந்து கூரான மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமா மாத்தும். லாக்டிக்னா தயிர்ல இருக்கற புளிப்பு. பச்சை மாங்காய் புளிப்பு தயிர்ப் புளிப்பா மாறுதுன்னு வெச்சுக்கங்க.

அடுத்து கலக்கறது. இதுக்குன்னு தனி நாக்கு வேணும். ஒரே தோட்டம் ஒரே வருஷம்னு இல்லாம பல தோட்டத்து ஒயின், பல வருஷத்து ஒயின், மூணு திராட்சையும் வெவ்வேற அளவுல சேத்து, வருஷா வருஷம் அதே ருசி வர்ற மாதிரி அமைப்பாங்க. காபிப் பொடி கடையில பீபெர்ரி இவ்ளோ, பிளான்டேஷன் ஏ இவ்ளோன்னு கலந்து அரைச்சு அந்தக் கடைக்குன்னு ஒரு ருசி வெச்சிருக்காங்கல்ல, அதே புத்தி. நல்லா அமைஞ்ச வருஷத்தை மட்டும் தனியா பாட்டில் பண்ணா லேபிள்ல வருஷம் போட்டிருக்கும், வருஷம் போடாதது கலப்பு. கலப்புன்னா மட்டம்னு நெனைச்சுடாதீங்க.

நாலாவது படி: பாட்டிலுக்குள்ள ரெண்டாவது நொதித்தல்

ஸ்பார்க்ளிங் ஒயின் ஸ்பார்க்ளிங்கா மாறற இடம் இது. கலந்த ஒயின்ல லிட்டருக்கு 24 கிராம் போல சக்கரையும் புது யீஸ்ட்டும் சேத்து கனமான பாட்டில்ல ஊத்தி, கலர் பாட்டிலுக்கு அடிக்கற மாதிரியே கிரவுன் மூடி அடிச்சு, இருட்டுல படுக்க வெச்சிடுவாங்க. 24 கிராம் ஏன்னா, லிட்டருக்கு நாலு கிராம் சக்கரை ஒரு அட்மாஸ்பியர் அழுத்தம் குடுக்கும், அப்ப ஆறு அட்மாஸ்பியர். ஆல்கஹாலும் ஒண்ணேகால், ஒண்ணரை சதவீதம் ஏறும்.

ஆறு அட்மாஸ்பியர்னா எவ்ளோன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சுலபமா சொல்லலாம். கார் டயர்ல 32 பி.எஸ்.ஐ. காத்து அடிக்கறோம், இது 90 கிட்ட. சங்ககிரி ரோட்டுல லோடு ஏத்திட்டுப் போற லாரி டயரோட காத்துக்குக் கொஞ்சம் தான் கம்மி. அந்த அழுத்தம் முழுக்க ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள்ள. ஷாம்பெயின் பாட்டில் காலியா இருக்கும்போதே முக்கால் கிலோவுக்கு மேல வரும், அடில உள்பக்கமா குழிஞ்சிருக்கும், அழுத்தத்தைத் தாங்கறதுக்குத் தான் இவ்ளோ கனம்.

எங்க ஒயினரில ஒருநாள் அடுக்குக்குள்ள ஒரு பாட்டில் வெடிச்சுது, கண்ணாடில கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்திருக்கும் போல, சத்தம் கேட்டு ஓடினா பக்கத்துல இருந்த ரெண்டும் சேந்து போயிடுச்சு. முகத்துக்கு கம்பி வலை மாஸ்க் போடாம அந்த அறைக்குள்ள போகக்கூடாதுன்னு ரூல் ஏன்னு அன்னிக்கு தான் எனக்கு ஒழுங்கா புரிஞ்சுது. பழைய காலத்துல இன்னும் மோசம், சக்கரை அளவு தெரியாம போட்டு அடுக்கு அடுக்கா வெடிக்கும். 1830கள்ல ஷான் பத்தீஸ்த் ஃபிரான்சுவான்னு பிரெஞ்சு மருந்தாளுநர் ஒருத்தர் ஒயின்ல மிச்சம் இருக்கற சக்கரையை அளக்க வழி சொன்ன பிறகு தான் இந்த வெடி கொறஞ்சுது.

டாம் பெரிஞான்ங்கற பாதிரியார் தான் ஷாம்பெயினைக் கண்டுபிடிச்சாருன்னு கெஸ்ட் யாராச்சும் சொன்னா மரியாதையா கேட்டுக்கங்க, ஆனா அது சரியில்ல. அவரு ஒவில்லேர் மடத்துல பாதாள அறையைப் பாத்துக்கிட்டவரு, திராட்சையைக் கலக்கறதுலயும் மெதுவா பிழியறதுலயும் கெட்டிக்காரரு, நுரை வராம தடுக்கறதுக்குத் தான் அவரு காலத்துல பாடுபட்டாங்க. ஒயின்ல சக்கரை போட்டு நுரைக்க வைக்கறதைப் பத்தி இங்கிலாந்துல கிறிஸ்டோபர் மெரட்ங்கறவரு 1662லயே ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிங்க சங்கத்துல எழுதிக் குடுத்துட்டாரு.

அஞ்சாவது படி: மண்டியோட காத்திருக்கறது

பன்னெண்டு டிகிரி குளிர்ல ஆறு எட்டு வாரத்துல சக்கரை தீந்து யீஸ்ட் செத்து அடில மண்டியா தங்கிடும். அதை உடனே எடுத்துடலாம், ஆனா எடுக்க மாட்டாங்க. செத்த யீஸ்ட் மெல்ல மெல்ல கரைஞ்சு ஒயினுக்குள்ள எறங்கும், அதுல இருந்து தான் பன் வாசம், வறுத்த பாதாம் வாசம், நாக்குல ஒரு வழவழப்பு, பொடிப்பொடியான நுரை எல்லாம் வருது. சாயங்காலம் ஒரு பழைய விறகடுப்பு பேக்கரி வழியா நடந்து போனா வர்ற வாசம் இருக்கே, ரொம்ப நாள் மண்டியில கெடந்த ஷாம்பெயினை மோந்து பாத்தா எனக்கு அது தான் ஞாபகம் வரும்.

எவ்ளோ நாள்னா வருஷம் போடாத ஷாம்பெயின் குறைஞ்சது 15 மாசம் பாட்டில்ல இருக்கணும், அதுல 12 மாசம் மண்டியோட, வருஷம் போட்டது மூணு வருஷம். காவா குறைஞ்சது 9 மாசம். ரான்ஸ் ஊருக்கு அடியில சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்ச சுரங்கங்கள்ல இந்த பாட்டிலுங்க தூங்குது, அந்த மலைச்சரிவு, சுரங்கம் எல்லாத்தையும் 2015ல யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமா சேத்துடுச்சு. விலை ஏன் அவ்ளோன்னு கேக்கறவங்களுக்கு இந்தக் காத்திருப்பை சொல்லுங்க.

ஆறாவது படி: மண்டியை எடுக்கறது

பாட்டிலைத் திறக்காம, கேஸ் போகாம, அடியில இருக்கற மண்டியை மட்டும் எப்படி எடுக்கறது? வடிகட்ட முடியாது. இதுக்கு 1810கள்ல விதவை கிளிக்கோன்னு பேர் வாங்கின பார்ப் நிக்கோல் கிளிக்கோவோட ஒயினரில ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஓட்டை போட்ட சாய்வு பலகையில பாட்டிலைக் கழுத்து கீழ இருக்கற மாதிரி சொருகி, தினமும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சாய்ச்சு, பல வாரத்துல மண்டி முழுசையும் மூடிக்குக் கொண்டு வந்துடறது. கைக்காரங்க ரெண்டு கையிலயும் ரெண்டு பாட்டிலைப் பிடிச்சு டக் டக்னு திருப்பிட்டே போறதைப் பாக்கறதே ஒரு அழகு, ஒரு நாளைக்கு பல ஆயிரம் பாட்டில். இப்ப பெரும்பாலும் ஜைரோபேலட்டுனு ஒரு கூண்டு மெஷின், நூத்துக்கணக்கான பாட்டிலை மொத்தமா ஆட்டி ஒரு வாரத்துல முடிச்சிடும், ருசில வித்தியாசம் எனக்குத் தெரிஞ்சதில்ல.

அப்புறம் கழுத்தை மட்டும் மைனஸ் 25 டிகிரி உப்புக்கரைசல்ல முக்குவாங்க, மண்டி ஒரு ஐஸ் கட்டியா உறைஞ்சிடும், பாட்டிலை நிமித்தி மூடியைத் தட்டினா உள்ள இருக்கற அழுத்தமே அந்தக் கட்டியை வெளிய துப்பிடும். அழுத்தத்தையே வேலைக்காரனா ஆக்கின இந்த யோசனையை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல.

கொஞ்சம் ஒயின் சிந்தியிருக்கும், அந்த இடத்தை நெரப்ப ஒயினும் சக்கரையும் கலந்த ஒரு திரவம் விடுவாங்க, பேர் தொசாஜ். இதுல எவ்ளோ சக்கரைங்கறது தான் லேபிள்ல வர்ற வார்த்தை, ட்ரெய்னிங்ல இதை மனப்பாடமே பண்ண சொல்லுவேன். லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழ, சக்கரையே சேக்கலன்னா ப்ரூட் நேச்சர். 6 வரைக்கும் எக்ஸ்ட்ரா ப்ரூட். 12க்குக் கீழ ப்ரூட். 12ல இருந்து 17 எக்ஸ்ட்ரா ட்ரை. 17ல இருந்து 32 வரைக்கும் ட்ரை, இதையே செக்னும் எழுதுவாங்க. 32ல இருந்து 50 டெமி செக். அதுக்கு மேல டூ. எல்லாரும் தடுக்கி விழற இடம் எக்ஸ்ட்ரா ட்ரை, பேரைப் பாத்தா இனிப்பே இல்லாததுன்னு தோணும், உண்மையில ப்ரூட்டை விட இனிப்பு. கெஸ்ட் "இனிப்பு வேண்டாம்"னு சொன்னா ப்ரூட் குடுங்க.

கடைசில கார்க். சொருகறப்போ நேரான உருளை தான், பாட்டில் வாயை விடப் பெருசு, அமுக்கி சொருகறாங்க, காளான் வடிவம் அதனால வர்றது. மேல கம்பிக் கூடு, அதுக்கு 1844ல அடால்ஃப் ஜாக்கஸோன் காப்புரிமை வாங்கினாரு.

வேற வழிகளும் இருக்கு

இவ்ளோ நேரம் சொன்னது பாரம்பரிய முறை. ரெண்டாவது நொதித்தலை பாட்டிலுக்குப் பதிலா அழுத்தம் தாங்கற பெரிய டேங்குல செஞ்சு, அழுத்தம் போகாமலே வடிகட்டி பாட்டில்ல அடைச்சா அது டேங்க் முறை. இத்தாலில மார்ட்டினோட்டி 1895ல ஆரம்பிச்சு வெச்சாரு, பிரான்ஸ்ல ஷார்மா 1907ல மேம்படுத்தினாரு. ப்ரொசெக்கோ பெரும்பாலும் இப்படித் தான். விலை கம்மி, சில வாரத்துல ரெடி, அதனால மட்டம்னு சில பேர் மூஞ்சியைச் சுளிப்பாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பேரிக்காய், பூ வாசம் இருக்கற க்ளேராவை மூணு வருஷம் மண்டியில போட்டா அந்த வாசம் தான் முதல்ல போகும். எந்தத் திராட்சைக்கு எது பொருந்துதோ அது.

முதல் நொதித்தல் முடியறதுக்குள்ளயே பாட்டில்ல அடைச்சு மிச்சத்தை உள்ளயே நடக்க விடறது ஒரு பழைய வழி, பெட் நாட்னு இப்ப பேஷன், கலங்கலா இருக்கும். சோடா மாதிரி கேஸ் ஏத்தறதும் உண்டு, பசங்க கேட்ட மெஷின் அங்க தான் இருக்கு. ஊத்தின உடனே பெரிய பெரிய நுரையா எழும்பி சீக்கிரம் அடங்கிடும்.

ஷாம்பெயின்ங்கற பேரை அந்தப் பகுதியில விளைஞ்சதுக்கு மட்டும் தான் போடணும். இந்திய பாட்டில்ல மெத்தட் ட்ரடிஷனல், ட்ரடிஷனல் மெத்தட்னு எழுதியிருந்தா பாட்டிலுக்குள்ள நொதிச்சதுன்னு அர்த்தம், அதைத் தேடுங்க.

திறக்கறதும் ஊத்தறதும்

தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு ஊத்தக்கூடாது, சந்தேகம்னா கார்டு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

ஐஸும் தண்ணியும் பாதிப் பாதி போட்ட பக்கெட்ல அரை மணி நேரம், 6ல இருந்து 10 டிகிரிக்கு வரணும். வெறும் ஐஸ் மட்டும் போட்டா பாட்டிலை முழுசா தொடாது, நேரமாகும். குளிராத பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க, சூடா இருந்தா கேஸ் கரைஞ்சு நிக்காது, மொத்தமும் ஒரேயடியா வெளிய பாயும். எங்க ரிசார்ட்டுல புதுசா வந்த ஒரு தம்பி மே மாச கோடை விழாக் கூட்டத்துல அவசரத்துக்கு வெளிய இருந்த பாட்டிலை எடுத்துக் கம்பியைக் கழட்டினான், கை வைக்கறதுக்குள்ள கார்க் போய் லைட்டு கண்ணாடியை ஒடச்சிடுச்சு, டேபிள்ல ஒரு பாட்டி உக்காந்திருந்தாங்க, ஒரு அடி தள்ளி.

அதனால இப்படி: ஃபாயிலை உரிங்க, பாட்டில் வாய் ஆளுங்களைப் பாத்தும் இருக்கக்கூடாது உங்க முகத்தைப் பாத்தும் இருக்கக்கூடாது, கட்டைவிரல் கார்க் மேலயே இருக்கட்டும், கம்பியை ஆறு அரைச்சுத்து சுத்தினா தளந்துடும், கம்பியைக் கழட்ட வேண்டாம் அதோட சேத்தே பிடிங்க, 45 டிகிரி சாய்ச்சு கார்க்கை அசையாம பிடிச்சுக்கிட்டு பாட்டிலை மட்டும் திருப்புங்க. கார்க் தள்ளும், நீங்க எதிர்த்துப் பிடிங்க. வெடிச்சத்தம் வரக்கூடாது, உஸ்ஸ்னு ஒரு மூச்சு அவ்ளோதான்.

க்ளாஸ்ல சோப்பு வாடை துளி இருந்தாலும் நுரை செத்துடும், சுடுதண்ணில அலசி நூல் பிரியாத துணில தொடைங்க. பபிள்ஸ் எழும்பறது க்ளாஸ் சுவத்துல ஒட்டியிருக்கற பொடி நார்ல, சின்னக் கீறல்ல தான், அதனால ஒரே க்ளாஸ்ல ஒரு இடத்துல மட்டும் சங்கிலி மாதிரி எழும்பினா அது குறை இல்ல. ஒல்லியான ஃப்ளூட்டை விட நடுவுல கொஞ்சம் அகண்ட டியூலிப் க்ளாஸ்ல வாசம் நல்லா தெரியும். ரெண்டு தடவையா ஊத்துங்க, முதல்ல கொஞ்சம், நுரை அடங்கினதும் மிச்சம்.

கூட சாப்பிட என்னன்னு கெஸ்ட் கேட்டா நான் யோசிக்காம சொல்றது நம்ம சேலம் தட்டுவடை. மொறுமொறுப்பு, உப்பு, எண்ணெய், அதுக்கு ப்ரூட்டோட புளிப்பு வாயைக் கழுவி விட்ட மாதிரி இருக்கும். செட்டா குடுத்தா காரச் சட்னியைக் கம்மி பண்ணுங்க, காரமும் பபிள்ஸும் சேந்தா நாக்கு எரியும். காரம் கண்டிப்பா வேணும்னா டெமி செக் குடுங்க, அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும்.

பாட்டில்ல மிச்சம் இருந்தா வாயில ஸ்பூன் சொருகி வைக்கறதால ஒண்ணும் ஆகாது, எடுத்த கார்க்கும் திரும்பப் போகாது. இதுக்குன்னு க்ளிப் வெச்ச ஸ்டாப்பர் விக்குது, போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள், அதிகபட்சம் அதுக்கடுத்த நாள் வரைக்கும் தாங்கும்.